திரும்பு பெஞ்சு

பையை இங்கே என் காலடியில் வையுங்கள் சார், யாரும் மிதிக்க மாட்டார்கள். ஜன்னல் பக்கம் நீங்கள் உட்காருங்கள். திங்கள்சந்தையைத் தாண்டிவிட்டால் நல்ல காற்று வரும். ஃபைனல் நாலு மணிக்குத்தான், அதற்கு வெகு முன்னாலேயே இந்த பஸ் நம்மை மாதாவிளைத்துறையில் இறக்கிவிட்டுவிடும்.

உங்கள் பேச்சு தூத்துக்குடிப் பக்கம் மாதிரி இருக்கிறதே. ஆமாவா? அதுதான் பார்த்தேன். அப்படியென்றால் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். போனில் பங்குச் சாமியிடம் நீங்கள் மூன்று தடவை 'பாதுகாப்பு உண்டா, பாதுகாப்பு உண்டா' என்று கேட்டீர்களாம். ரெஃபரியாக வருகிறவர் கேட்டது தப்பில்லை. போன வருஷம் லைன்ஸ்மேன் மண்டையில் கல் விழுந்தது உண்மை. கோல்கீப்பர் கண்ணில் எவனோ கண்ணாடியை வைத்து வெயிலடித்தான், அதிலிருந்து ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் சண்டைக்குப் பெகளம் என்று சொல்வோம். பெரிய பெகளம். போலீஸ் வந்து, சாமியைக் கூப்பிட்டு, இனி ஒரு தடவை இப்படி நடந்தால் மாதாவிளைத்துறையில் பந்துகளி, அதாவது ஃபுட்பால், கிடையாது, திருவிழாவுக்கும் கிடையாது, எதற்கும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த நேரத்தில்தான் நான் ஊருக்குத் திரும்பி வந்தேன். ததேயுஸ் என் பெயர். இருபது வருஷம் கத்தாரில் ஸ்டேடியம் செக்யூரிட்டி. கடைசியில் சூப்பர்வைசர். மஞ்சள் கோட்டுப் போட்டு மைதான ஓரத்தில் நிற்பார்களே, டிவியில் பார்த்திருப்பீர்கள். எத்தனை பெரிய ஆட்டங்களுக்கு நின்றிருக்கிறேன் தெரியுமா. எல்லாரும் கேட்பார்கள், அப்படியானால் எல்லாரையும் நேரில் பார்த்திருப்பீரே என்று. ஒரு கோல்கூடப் பார்த்ததில்லை சார். எங்கள் வேலையே கூட்டத்தைப் பார்த்து நிற்பது. முதுகு மைதானத்துக்கு. பின்னால் உலகமே இடிந்து விழுகிற மாதிரி சத்தம் கேட்கும், திரும்பக் கூடாது. திரும்பினவனை மறுநாள் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். நான் ஒருநாளும் திரும்பினதில்லை.

அதனால் சாமி என்னைக் கூப்பிட்டு, "ததேயுஸ், கூட்டத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றதும் ஊரில் ஒருத்தரும் மறுப்புச் சொல்லவில்லை. சுற்றிலும் கயிறு கட்டினேன். கயிற்றைத் தாண்டக் கூடாது, வெடி போடக் கூடாது, தாயைச் சொல்லித் திட்டக் கூடாது. எல்லாம் நல்ல சட்டம். தண்டனைதான் பிரச்சினை. அபராதம் போட்டுப் பார்த்தோம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவன் வெளிநாட்டில். ஒருத்தன் முதலிலேயே அபராதத்தைக் கட்டிவிட்டு, ரசீதைப் பையில் வைத்துக்கொண்டு, நிம்மதியாகத் திட்ட ஆரம்பித்தான். மைதானத்துக்கு வரக் கூடாது என்று தடை போட்டோம். தென்னை மரத்தில் ஏறிக்கொண்டார்கள். மரத்திலிருந்து திட்டினால் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்கிறது.

அப்போதுதான் திரும்பு பெஞ்சு என் மூளைக்கு வந்தது. தப்புச் செய்தவனை வெளியே அனுப்பாதே, உள்ளே கூட்டி வா. கயிற்றுக்கு உள்பக்கம், கோட்டுக்கு வெளியே, ஒரு பெஞ்சைப் போடு. அடுத்த ஆட்டம் முழுக்க, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து அதில் உட்கார வை. சத்தம் மட்டும் கேட்கும், ஆட்டம் தெரியாது. இதைவிடப் பெரிய தண்டனை இந்தப் பூமியில் உண்டா சார்? அனுபவித்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். சாமியே "கடுமையாக இருக்கிறதே" என்றார்.

இதெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. விஷயம் வேறு.

இந்த வருஷத் திருவிழாவின் முதல் ஆட்டத்தன்று மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு மேற்குப் பக்கம் நின்றேன். மேற்குப் பக்கம் பெண்கள். என் மனைவி ஸெலின் மூன்றாவது வரிசையில், பக்கத்து வீட்டு லில்லியோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பந்துகளிக்குப் போவாள் என்று எனக்குத் தெரியும், போனில் சொல்லியிருக்கிறாள். எல்லாரும் போறாவ, நானும் போறேன் என்பாள். நான் ஏதோ ஜெபக்கூட்டத்துக்குப் போகிற மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் அவள் பேசினால் வால்யூமைக் கூட்டித்தான் கேட்க வேண்டும். அவ்வளவு மெதுவான குரல்.

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான். ஸெலின் எழுந்து நிற்கிறாள். கொண்டை அவிழ்ந்து கிடக்கிறது. வாயருகே கையைக் குவித்துக் கத்துகிறாள், லில்லியின் முதுகில் ஓங்கி அடிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். கல்யாணம் முடித்து இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத முகம் சார் அது. வேறு எவளோ என்று ஒரு நொடி நினைத்தேன்.

எதற்குச் சிரித்தாள்? அங்கேதான் சில்வெஸ்டர் வருகிறான்.

சில்வெஸ்டர் விசைப்படகு ஓட்டுகிறவன். பெண்டாட்டி செத்து நாலைந்து வருஷமாகிறது. கருப்பு, ஒல்லி, முன்பல் ஒன்று கிடையாது. அழகன் என்று சொல்ல முடியாது, நீங்களே பார்ப்பீர்கள். ஆனால் அவன் இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு ஆட்டம் நடந்ததில்லை. கோல் போஸ்டுக்குப் பின்னால் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு நிற்பான். எதிர் டீம் கோல்கீப்பரைப் பார்த்து, "என்னவே, அது உம்ம வீட்டு வலையா? கண்ணி பெருசா கெடக்கே, நெத்திலி நிக்காதே" என்பான். அவ்வளவுதான். இதற்கு அத்தனை சிரிப்பு. எதிர் ஊர்க்காரனும் சேர்ந்து சிரிப்பான். திட்டினால் பிடிக்கலாம், கெட்ட வார்த்தை சொன்னால் பிடிக்கலாம். இதை என்ன சட்டத்தில் பிடிப்பது?

அன்றைக்கு வீட்டில் சோறு போடும்போது கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"அந்த ஆளு பேசுறதுல அப்படி என்ன சிரிப்பு?"

"எந்த ஆளு?"

"சில்வெஸ்டர்."

"அவன் எப்பவும் அப்படித்தான பேசுவான். அத விடுங்க, நம்ம பயலுவ அடிச்ச ரெண்டாவது கோல பாத்தியளா? ரெண்டு பேர வெட்டிச்சுட்டு, இடது காலால..." சொல்லிக்கொண்டே கரண்டியைக் காற்றில் வீசிக் காட்டினாள். அப்புறம் நிறுத்தினாள். "ஓ, நீங்க பாக்க முடியாதுல்லா. பாவம்."

பாவமாம். அவன் எப்பவும் அப்படித்தான பேசுவான். எப்பவும் என்றால்? நான் அங்கே வெயிலில் நின்ற இருபது வருஷமும் என்றுதானே அர்த்தம். நான் ஒன்றும் சந்தேகப்படுகிற ஆள் இல்லை சார். ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பேன், அவ்வளவுதான். தொழில் பழக்கம்.

இரண்டாவது ஆட்டத்தில் சில்வெஸ்டர் கயிற்றைத் தாண்டினான். பந்து வெளியே உருண்டு வந்தது, எடுத்துக் கொடுக்கக் கால் வைத்தான் என்று பிறகு சொன்னார்கள். எதற்காக வைத்தால் என்ன, கால் கால்தானே. நான் ஆளைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். என் சொந்தத் தம்பி வைத்திருந்தாலும் அதே தண்டனைதான். அன்றைக்குத் தம்பியின் காலும் கயிற்றுக்கு உள்ளே இருந்தது என்று சிலர் பேசினார்கள். அவனுக்குச் சர்க்கரை, கால் மரத்துப்போகும், அது வேறு விஷயம்.

சில்வெஸ்டர் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. "சட்டம்னா சட்டம்தான அண்ணே, எங்க இருக்கணும்?" என்று கேட்டான்.

எங்கே பெஞ்சைப் போடுவது என்று யோசித்தேன். ஆண்கள் பக்கம் போட்டால் கூட்டாளிகளோடு அரட்டை அடிப்பான். பெண்களுக்கு முன்னால் போட்டால் வெட்கப்படுவான். போதாததற்கு மேற்கு வெயில் நேரே முகத்தில் அடிக்கும். எல்லாம் யோசித்துத்தான் மேற்குப் பக்கம் போட வைத்தேன். என் கையாலேயே பெஞ்சை நேராக்கினேன். மூன்றாவது வரிசைக்கு நேர் எதிரே.

ஆமாம் சார். இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. சில்வெஸ்டர் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து இருந்தான். பின்னால் ஒரு 'ஓ' சத்தம். தலையைத் தூக்கினான். மைதானத்தைப் பார்க்க முடியாது, எதிரே இருக்கிற முகங்களைத்தானே பார்க்க முடியும். "ஸெலின் மைனி வாயப் பொத்திட்டாவ," என்றான் சத்தமாக. "அப்ப கோல் போஸ்டுக்கு மேல போயிருக்கு." சரியாகச் சொல்லிவிட்டான். பெண்கள் பக்கம் ஒரே ஆரவாரம். அப்புறம் அவனை யார் பிடிப்பது? "லில்லியக்கா சேலைத் தலைப்பக் கடிக்காவ, நம்ம பெட்டிக்குள்ள பந்து நிக்குது." "மைனி சிரிக்காவ, கீப்பர் பிடிச்சாச்சு." ஆட்டம் முழுக்க முகத்தைப் பார்த்தே ஆட்டத்தைச் சொன்னான். கிழக்குப் பக்கம் இருந்த ஆண்கள்கூட ஆட்டத்தை விட்டுவிட்டு இவன் சொல்வதைக் கேட்க மேற்கே வந்துவிட்டார்கள். மறுநாள் இளவட்டங்கள் நாலு பேர் என் கண் முன்னாலேயே கயிற்றைத் தாண்டி நின்றுகொண்டு, "அண்ணே, எங்களையும் பெஞ்சுல போடுங்க" என்கிறார்கள். தண்டனையைத் திருவிழாவாக்கிவிட்டான்.

மைனி என்று கூப்பிட்டான், கவனித்தீர்களா. நான் அவனுக்கு அண்ணன் முறை, அதனால் அவள் மைனிதான். முறை சரிதான். முறை சரியாக இருப்பதுதான் எனக்கு உறுத்தியது. முறை தவறிக் கூப்பிட்டிருந்தால் அங்கேயே கேட்டிருப்பேன்.

பந்துகளி கமிட்டியில் பேசினேன். பெஞ்சில் இருக்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது என்று புதிதாக ஒரு சட்டம் கொண்டுவந்தேன். சட்டம் வந்த பிறகு அதற்கு ஒரு ஆள் வேண்டுமே, அதனால் சில்வெஸ்டருக்கு இன்னும் ஒரு ஆட்டம் தண்டனையை நீட்டினேன். சாமி "ததேயுஸ், வீட்டில் எல்லாரும் சுகம்தானே?" என்று கேட்டார். அவர் அப்படித்தான், பேசிக்கொண்டிருக்கும்போதே சம்பந்தமில்லாமல் ஏதாவது கேட்பார்.

அந்த ஆட்டம்தான் செமிஃபைனல். சிலுவைத்துறைக்காரர்களுக்கும் எங்களுக்கும். ஊரே திரண்டிருந்தது. சில்வெஸ்டர் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு சத்தமில்லை. நான் பெஞ்சுக்குப் பக்கத்தில், மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். ஸெலின் மூன்றாவது வரிசையில். அவள் பார்வை எங்கள் பக்கம்.

இங்கேதான் சார் எனக்குப் பைத்தியம் பிடித்தது. அவளுக்கும் பந்துக்கும் நடுவில் அவன் உட்கார்ந்திருக்கிறான். அவள் பந்தைப் பார்த்தாலும் இந்தத் திசைதான், அவனைப் பார்த்தாலும் இந்தத் திசைதான். கண் விரிகிறது. எதற்கு விரிகிறது? உதட்டைக் கடிக்கிறாள். யாருக்காகக் கடிக்கிறாள்? பந்து இடது பக்கம் போகும்போது அவள் கண்ணும் இடது பக்கம் போனால் அவள் ஆட்டத்தைப் பார்க்கிறாள். பந்து போன பிறகும் கண் நடுவிலேயே நின்றால் அவனைப் பார்க்கிறாள். எளிதான கணக்குத்தானே. ஆனால் பந்து எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டுமே.

திரும்பினேன்.

கத்தாரில் திரும்பாத கழுத்து சார் இது. பந்து வலது மூலையில் இருந்தது. சட்டென்று இந்தப் பக்கம் திரும்பி அவள் கண்ணைப் பார்த்தேன். அதற்குள் பந்து எங்கோ போயிருக்கும் போலிருக்கிறது. மறுபடி திரும்பினேன். பந்து, ஸெலின். ஸெலின், பந்து. இரண்டையும் ஒரே பார்வையில் கொண்டுவர முடியுமா என்று பார்த்தேன். கொஞ்சம் பின்னால் நகர்ந்தால் முடியும் போலிருந்தது. நகர்ந்தேன். இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன்.

கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் போனது எனக்குத் தெரியவில்லை. எங்கள் பையன் ஒருத்தன் ஓரமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். எதிரே கோல்கீப்பர் மட்டும்தானாம். பந்து என் கெண்டைக்காலில் பட்டு வெளியே போய்விட்டது.

ரெஃபரி விசில் ஊதினார்.  அப்புறம் சிலுவைத்துறைக்காரர்கள் அந்தப் பக்கமிருந்து கூவ ஆரம்பித்தார்கள். எங்கள் ஆட்கள் கயிற்றை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். சிலுவைத்துறைக்காரர்களிடம் போகவில்லை, என்னிடம் வந்தார்கள். ஒருவன் கையில் கொடிக்கம்பு. சாமி மைக்கில் ஏதோ சொல்கிறார், யாருக்கும் கேட்கவில்லை. நுழைவாசலில் நின்ற போலீஸ்காரர் போனைக் காதில் வைத்துவிட்டார். முடிந்தது, இந்த ஊரின் பந்துகளி என்னோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சில்வெஸ்டர் பெஞ்சு மேல் ஏறி நின்றான். அப்போதும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித்தான் நின்றான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

"எல, எல, நில்லுங்க. இருவது வருஷமா பந்துக்கு முதுகு காட்டிட்டு நின்ன மனுஷன். இன்னைக்கி அந்தப் பந்தே தேடி வந்து அவரு காலத் தொட்டுக் கும்பிட்டிருக்கு. ஆசீர்வாதம் பண்ணாம அடிக்கவா போறிய?"

கொடிக்கம்பு வைத்திருந்தவன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் மேற்குப் பக்கம், கிழக்குப் பக்கம், சிலுவைத்துறைக்காரர்கள், போலீஸ்காரர், எல்லாரும் சிரித்தார்கள். கயிற்றை அவர்களே தூக்கி மறுபடி கட்டினார்கள். ஆட்டம் நடந்தது. எங்கள் ஊர்தான் ஜெயித்தது. எப்படி ஜெயித்தது என்று கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை.

நான் அந்த நேரத்திலும் ஸெலினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரே சிரிக்கிறது. லில்லி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஸெலின் சிரிக்கவில்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் நெத்திலி என்றதற்குக் கொண்டை அவிழச் சிரித்தவள் சார். இதற்கு ஏன் சிரிக்கவில்லை? மனதில் ஒன்றும் இல்லாதவளாக இருந்தால் எல்லாரோடும் சேர்ந்து சிரித்திருக்க வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் கமிட்டி கூடியது. கோட்டைத் தாண்டியது தப்பு, அதற்குத் தண்டனை பெஞ்சு. நான் கொண்டுவந்த சட்டம், நான் என்ன சொல்ல முடியும்? இன்றைக்கு ஃபைனலில் திரும்பு பெஞ்சில் உட்காரப் போவது நான்தான். வாயைத் திறக்கவும் கூடாது. மஞ்சள் கோட்டை சில்வெஸ்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் இனி அவன் பொறுப்பு. பழைய ரெஃபரி இந்த ஊர்ப் பக்கமே வர மாட்டேன் என்றுவிட்டார், அதனால்தான் உங்களைக் கூப்பிட்டது. உங்களைக் கூட்டி வருகிற வேலையாவது ததேயுஸுக்கு இருக்கட்டும் என்று சாமி சொன்னார். நல்ல மனுஷன்.

இதிலெல்லாம் எனக்கு வருத்தமில்லை. காலையில் நடந்ததுதான். புறப்படும்போது ஸெலின் தலை வாரிக்கொண்டே, "இன்னைக்கி நான் கிழக்குப் பக்கம் போயி இருக்கப் போறேன்" என்றாள்.

"ஏன்? மேற்குதானே உன் இடம்?"

"அங்க இருந்தா உங்க முகம் நேரா தெரியும். உங்க முகத்தப் பாத்துக்கிட்டு எனக்குக் களி பாக்க முடியாது."

"என் முகத்துக்கு என்ன?"

சீப்பைக் கீழே வைத்தாள். "இருவது வருஷம் நான் எப்படி இருந்தேன்னு நெனைக்கிய? இந்தப் பந்துகளி ஒண்ணுதான் எனக்கு இருந்துது. அதுலயும் கணக்கு எடுக்கியள," என்றாள்.  பையில் எனக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்து வைத்தாள்.

கிழக்குப் பக்கம் என்றால் என் முதுகுக்குப் பின்னால். சில்வெஸ்டர் மஞ்சள் கோட்டோடு நாலு பக்கமும் நடப்பான், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் நடப்பான். கிழக்குப் பக்கம் எவ்வளவு நேரம் நிற்பான் என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

அதனால் சார், ஒரு சின்ன உதவி. நீங்கள் நடுவில் ஓடுகிறவர், எல்லாப் பக்கமும் பார்க்கிற ஒரே ஆள் நீங்கள்தான். பந்து மேற்குப் பக்கம் இருக்கும்போது, அவன் கிழக்கே நிற்கும்போது, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பச்சைச் சேலை, பக்கத்தில் தடியாக லில்லி இருப்பாள். பந்தைப் பார்த்தால் எனக்குத் தலையை ஆட்டுங்கள். இல்லை, நான்தான் திரும்பி உட்கார்ந்திருப்பேனே. அப்படியானால் விசில் ஊதுங்கள். பந்தைப் பார்த்தால் ஒரு நீள விசில். அவனைப் பார்த்தால் இரண்டு குட்டை விசில்.

காரணமில்லாமல் விசில் ஊதினால் கூட்டம் பெகளம் வைக்கும் என்கிறீர்களா? வைக்கட்டுமே சார். அடக்குவதற்குத்தான் சில்வெஸ்டர் இருக்கிறானே. அடக்குகிறானா பார்ப்போம்.

நம்ம ஸ்டாப் வந்துவிட்டது. எழுந்திருங்கள் சார். சார், இறங்கவில்லையா?